ஏழு குரோசுக்கு எட்டு குறைச்சல்

மைதாப் பசை கொதிக்கிற வாசம் உங்களுக்குத் தெரியுமா? லேசான இனிப்பும் லேசான புளிப்பும் கலந்து மாவு வேகிற வாசம். கோவில்பட்டியில் நாற்பது வயது தாண்டிய பலருக்கு அது மூக்கிலேயே தங்கியிருக்கும். போன வருஷம் ஆனி மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் மகளுக்காக அதைக் காய்ச்சினேன். அவளுக்கு அப்போது ஐந்து வயது. கலர் பேப்பரில் சங்கிலித் தோரணம் செய்ய வேண்டும் என்று இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டே இருந்தாள். எதிர்வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர், பக்கத்து வளவுப் பையன், என் தம்பியின் மூன்று வயது மகன் என்று முன்வாசலில் ஒரு கூட்டமே உட்கார்ந்துவிட்டது.

பசைச் சட்டியை இறக்கிக் கொண்டுவந்து நடுவில் வைத்தேன். திண்ணையில் மல்லி புடைத்துக்கொண்டிருந்த அம்மா சுளகைக் கீழே வைத்தாள். எழுந்தாள். ஒன்றும் சொல்லாமல் கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

"ஆச்சி ஏம்மா போறாங்க?" என்று மகள் கேட்டாள்.

எனக்குப் பதில் தெரியும். ஆனால் ஐந்து வயதுப் பிள்ளைக்கு அதை எந்த வார்த்தையில் சொல்வது என்று தெரியவில்லை. இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

கரிசல் பூமியைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கே எல்லாம் மானாவாரி. பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, பாசி, மல்லி எல்லாமே ஐப்பசி மழையை நம்பித்தான். மழை பொய்த்தால் அந்த வருஷம் கையில் வேலை கிடையாது. அப்படிக் காய்ந்து கிடந்த நிலத்தில்தான் தீப்பெட்டி வந்தது. சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தாவுக்குப் போய் அந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். 1923இல் சிவகாசியில் தொடங்கியது பிறகு சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம் என்று பரவியது. விவசாயத்துக்குச் சாபமாக இருந்த வெயில் குச்சி காய்வதற்கு வரமாக இருந்தது. எங்கள் பக்கம் தொழிற்சாலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தீப்பெட்டி ஆபீஸ்தான். "எங்க அக்கா ஆபீசுக்குப் போறா" என்றால் குச்சியைக் கட்டையில் அடுக்கப் போகிறாள் என்று அர்த்தம்.

ஆபீசுக்குப் போகாதவர்கள் வீட்டில் பெட்டி ஒட்டினார்கள். மெல்லிய மரச்சீவல் கட்டாக வரும். மடிப்புக்கு ஏற்கெனவே கோடு கீறியிருக்கும். நாலு பக்கமும் மடக்கி, பசை தடவிய ஊதாத் தாளைச் சுற்றி, நகத்தால் ஒரு இழுப்பு இழுத்தால் பெட்டி. அடிப்பெட்டி தனி, மேல்பெட்டி தனி. நூற்றி நாற்பத்து நாலு பெட்டி ஒரு குரோஸ். கூலி குரோஸ் கணக்குத்தான். கோணலாக ஒட்டியதும் பசை வழிந்ததும் கழிவு என்று ஆபீஸ் கணக்குப்பிள்ளை தள்ளிவிடுவார். அம்மா ஏழு வயதில் பசைத் தாம்பாளத்துக்கு முன்னால் உட்கார்ந்தவள். என்னையும் உட்கார வைத்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் ஒட்டுவோம். ஒட்டிய பெட்டியை முற்றத்தில் பரப்பிக் காயப்போடுவோம். அதனால், ஊரே காத்துக்கிடக்கிற மழை வந்தால் எங்கள் வீட்டில் மட்டும் கூச்சல். "ஏ பிள்ள, பெட்டிய அள்ளு, பெட்டிய அள்ளு!" நனைந்த பெட்டிக்குக் கூலி கிடையாது. சின்ன வயதில் மழையில் கப்பல் விட்ட ஞாபகம் எனக்கு ஒன்றுகூட இல்லை. கத்திக்கப்பல் மடிக்கத் தெரியும். விட்டதில்லை.

சட்டம் வந்தது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் தடுப்புச் சட்டம் தீப்பெட்டித் தொழிலைப் பதினான்கு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குத் தடை செய்தது. ஆனால் வீட்டில் குடும்பத்தோடு செய்கிற வேலைக்கு அதில் விலக்கு இருந்தது. விடிவதற்கு முன்னால் கிராமம் கிராமமாக வந்து பிள்ளைகளை ஏற்றிப் போன ஆபீஸ் வண்டி எல்லார் கண்ணிலும் பட்டது. அடுப்படியில் உட்கார்ந்து ஒட்டிய பிள்ளை யார் கண்ணிலும் படவில்லை. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த சிவகாசி வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி இருபதாயிரம் ரூபாய் கட்ட வேண்டும், அந்தப் பணம் பிள்ளையின் நலனுக்குப் போக வேண்டும் என்றது. எங்கள் எழுத்தாளர் பூமணி எடுத்த 'கருவேலம்பூக்கள்' படத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லாமலே இந்த உலகம் தெரியும். பிறகு அட்டைப் பெட்டி வந்தது, இயந்திரம் வந்தது. இன்றைக்கு எங்கள் தெருவில் பெட்டி ஒட்டுகிற பிள்ளை ஒன்றுகூட இல்லை. இதை எழுதும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது.

ஆனால் ஒன்று பாக்கி நின்றது. பசையும் தாளும் சின்ன விரலும் சேர்ந்தால் அது கூலி என்றுதான் எங்கள் வீட்டுக்குத் தெரியும். அது விளையாட்டாகவும் இருக்கலாம் என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. நானே என் மகள் வழியாகத்தான் கற்றுக்கொண்டேன். கற்றதை எழுதுகிறேன்.

முதலில் கிழிப்பது. மூன்று வயதுப் பிள்ளை கையில் கத்தரிக்கோலைக் கொடுக்காதீர்கள், பழைய செய்தித்தாளைக் கொடுங்கள். கிழிக்கட்டும். தம்பி மகன் அன்றைக்கு ஒன்றுமே ஒட்டவில்லை. ஒரு மணி நேரம் கிழித்துக்கொண்டே இருந்தான். நடுவில் ஒன்றைக் கண்டுபிடித்தான். மேலிருந்து கீழே கிழித்தால் பேப்பர் நேராகப் போகிறது, குறுக்கே கிழித்தால் கோணிக்கொண்டு ஓடுகிறது. திரும்பத் திரும்பக் கிழித்துப் பார்த்து, "அத்தே, இது இந்தப் பக்கம் சொன்ன பேச்சு கேக்குது" என்றான். தாள் இயந்திரத்தில் ஓடும்போது நார்கள் ஓட்டத்தின் பக்கமாகவே படுத்துவிடுகின்றன, அதனால்தான் அப்படி. இதைப் பிள்ளைக்கு விளக்க வேண்டியதில்லை. விரலுக்குத் தெரிந்துவிட்டது, அது போதும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதிரெதிராக இழுக்கிற அந்தப் பிடிதான் நாளைக்குப் பென்சில் பிடிக்கப் போகிற பிடி. கிழித்ததையெல்லாம் பெரிய தாளில் பசை தடவி ஒட்டினால் ஆடு வரும், மேகம் வரும், கரிசல் காட்டில் வெடித்த பருத்தி வரும். வராவிட்டாலும் ஒன்றுமில்லை.

பசையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், கேட்டவர்கள் உண்டு. இரண்டு கரண்டி மைதாவை முதலில் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். பிறகு ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றிச் சிறு தீயில் கிளறிக்கொண்டே இருந்தால் வெள்ளை மாறிக் கண்ணாடி மாதிரி வரும். அதுதான் பதம். ஆறவைத்துக் கொடுங்கள். பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் மயில்துத்தம் போடுகிற வழக்கம் நம் பக்கம் உண்டு. பிள்ளைகளுக்குக் காய்ச்சும் பசையில் அதைப் போடவே கூடாது, விஷம். அன்றன்றைக்குக் காய்ச்சி, மிஞ்சினால் கொட்டிவிடுங்கள். ஒரு பிள்ளைக்குச் சோற்றுப் பருக்கையே போதும். நாங்கள் பட்டம் ஒட்டியது அதில்தானே.

தாளுக்கு அலைய வேண்டாம். ஊர் ஊருக்குத் தொங்குகிற தினசரிக் காலண்டரில் பெரும்பாலானவை சிவகாசியில் அச்சானவை. ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருஷத்து ஆல்பம் வெளிவந்துவிடும். அந்த ஒற்றைத் தாள் மெலிசு, மடித்தால் மடிப்பு நிற்கும், பின்பக்கம் வெறுமையாக இருக்கும். எங்கள் வீட்டில் காலையில் தேதி கிழிக்கிற உரிமை மகளுக்கு. கிழித்த தாள் நீளமாக இருக்கும். ஒரு முனையைக் குறுக்கே மடித்து எதிர்விளிம்போடு சேர்த்தால் முக்கோணம், கீழே ஒரு பட்டை மிஞ்சும். பட்டையைக் கிழித்தால் கையில் சதுரம். சதுரம் மடிக்க. மிஞ்சின பட்டையை வளையமாக்கி நேற்றைய வளையத்துக்குள் நுழைத்து ஒட்டினால் சங்கிலி. ஆனி மாசம் அவள் தொடங்கிய சங்கிலியில் ஒரு நாளைக்கு ஒரு வளையம். ராகு காலமும் எமகண்டமும் நல்ல நேரமும் தலைகீழாக எட்டிப் பார்க்கிற சங்கிலி. முன்வாசல் நிலையில் ஆணியடித்து மாட்டினோம். அது தரையைத் தொட்டதும் அடுத்த ஆணிக்குப் போனது.

ஆடியில் மேல்காற்று பிடித்தது. இந்தப் பக்கத்து ஆடிக்காற்றைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கொடியில் துணி நிற்காது. பிள்ளைகளிடம் காற்றாடி செய்யலாமா என்றேன். சதுரத் தாளின் நாலு மூலையிலிருந்தும் நடுவை நோக்கிப் பாதிக்கு மேல் வெட்டு. ஒன்று விட்டு ஒரு முனையை நடுவுக்குக் கொண்டுவந்து ஒரே முள்ளில் குத்து. முள் என்று சொன்னது கருவேல முள்ளைத்தான். குண்டூசியை விட அது நல்லது, வழவழப்பாக இருக்கும், காற்றாடி தடையில்லாமல் சுற்றும். பிடிக்குச் சோளத்தட்டை. தட்டைக்குள்ளே இருக்கிற நெட்டியில் முள் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கி, பிடித்தபடி நிற்கும். சோளத்தட்டையையும் முள்ளையும் வைத்து வண்டி செய்து விளையாடிய தலைமுறை நாங்கள். காற்றாடிக்கு அன்றைய பனை ஓலைக்குப் பதில் இன்றைக்குத் தாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

முள்ளை நான் குத்திக் கொடுத்தேன். மற்றதெல்லாம் அவர்கள். பக்கத்து வளவுப் பையனின் காற்றாடி மட்டும் சுற்றவில்லை. முனைகளை ஒரே பக்கமாக மடக்காமல் இரண்டை இப்படியும் இரண்டை அப்படியும் மடக்கியிருந்தான். சொல்லிக் கொடுக்க வாயெடுத்துவிட்டேன். என்னவோ அன்றைக்கு நாக்கைக் கட்டிக்கொண்டேன். அவன் தன்னுடையதைப் பார்த்தான், மகளுடையதைப் பார்த்தான், கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். பத்து நிமிஷம் இருக்கும். பிரித்தான், மடக்கினான், தெருவுக்கு ஓடினான். அந்தப் பத்து நிமிஷத்தை நான் பறித்திருந்தால் என்ன கொடுத்து ஈடுகட்டியிருப்பேன்? அடுத்த வாரம் திருநெல்வேலிக்குப் போகும்போது கயத்தாறுப் பக்கம் காற்றாலைகள் வரிசையாக நின்றன. பஸ் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு மகள் கத்தினாள்: "அம்மா, அது எல்லாமே ஒரே பக்கமா மடக்கியிருக்கு!" எனக்கு நாற்பது வயதாகியும் அந்த இறக்கைகளை நான் அப்படிப் பார்த்ததில்லை.

மனசில் தைத்த ஒன்றும் நடந்தது. அதே சமயம் மகளின் பள்ளிக்கூடத்தில் ப்ராஜெக்ட் கேட்டார்கள். யூகேஜி பிள்ளைக்குக் கிராமத்து மாதிரி, தெர்மாகோலில். நாங்கள் காலண்டர் அட்டையில் வீடு செய்தோம், கிழித்த தாளில் மரம், சோளத்தட்டையில் வேலி. எல்லாம் அவள் கை. வீடு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கூரை வீடு அப்படித்தான் சாயும் என்று சொன்னாள், உண்மையும்தான். கொண்டுபோனாள். கடையில் ஐந்நூறு ரூபாய்க்கு ஆர்டர் கொடுத்து வாங்கியவை முன்வரிசையில் இருந்தன. அம்மாக்கள் ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் உட்கார்ந்து செய்தவை அடுத்த வரிசையில். இவளுடையது ஜன்னல் ஓரத்தில். வீட்டுக்கு வந்து, "நான் செஞ்சது அசிங்கமா இருக்காம்மா?" என்று கேட்டாள்.

அந்த டீச்சரை நான் குறை சொல்லவில்லை. வருகிற பெற்றோருக்குக் காட்ட வேண்டும் என்ற நெருக்கடி அவர்களுக்கு. ஆனால் யோசித்துப் பாருங்கள். நேராக இல்லாததைக் கழிவு என்று தள்ளிய கணக்குப்பிள்ளைக்கும், சாய்ந்த வீட்டை ஜன்னல் ஓரத்துக்குத் தள்ளுவதற்கும் பிள்ளையின் மனசுக்குள்ளே என்ன வித்தியாசம்? ஒரு தலைமுறை பாடுபட்டுப் பிள்ளைகளின் கையைப் பெட்டியிலிருந்து விடுவித்தது. அந்தக் கையை மறுபடி பார்க்கிறவர் கண்ணுக்காக வேலை செய்ய வைக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். அரசுப் பள்ளியில் படிக்கிற எதிர்வீட்டுப் பிள்ளைகள் 'எண்ணும் எழுத்தும்' வகுப்பில் செய்த முகமூடியையும் விரல் பொம்மையையும் கொண்டுவந்து காட்டுவார்கள். காது ஒன்று பெரிதாக இருக்கும், மீசை கன்னத்தில் இருக்கும். அவர்களே செய்தது என்று பார்த்தவுடனே தெரியும். அதுதான் அழகு.

இந்தத் தாள் மடிப்பைச் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடமாக வைத்தவர்களில் முக்கியமானவர் ஜெர்மனிக்காரர் ஃப்ரோபெல். 1837இல் குழந்தைகளுக்கென்று ஒரு இடம் தொடங்கினார், பிறகு அதற்குக் கிண்டர்கார்டன் என்று பெயர் வைத்தார். அவர் வழியில் வந்த பள்ளிகளில் பிள்ளைகளுக்கு வரிசையாகக் கொடுக்கிற விளையாட்டுப் பொருள்களுக்கு 'பரிசு' என்றே பெயர். அந்தத் தாள் மடிப்புப் பெட்டி ஒன்றைப் பார்த்துத்தான் நம் சென்னை மாகாணத்தில் சுந்தர ராவ் என்பவர் ஒரு கணிதப் புத்தகமே எழுதினார். தாளை மடித்தே வடிவியல் செய்யும் பயிற்சிகள். 1893இல் சென்னையில் அடிசன் கம்பெனி வெளியிட்டது. ஜெர்மனியின் பெரிய கணித மேதை ஃபெலிக்ஸ் கிளைன் அதைப் பாராட்டிக் குறிப்பிட, 1901இல் சிகாகோவில் மறுபதிப்பு வந்தது. அதிலுள்ள முதல் வேலை என்ன தெரியுமா? ஒழுங்கில்லாத ஒரு தாளிலிருந்து சதுரம் எடுப்பது. காலண்டர் தாளில் என் மகள் தினமும் காலையில் செய்வது அதைத்தான். சுந்தர ராவ் படிப்பித்ததைப் பல் தேய்ப்பதற்கு முன்னாலேயே முடித்துவிடுகிறாள் என்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

இத்தனையிலும் அம்மா கிட்ட வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பசைச் சட்டி வெளியே வந்தால் அவள் உள்ளே போவாள். நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் ஆறாம் தேதி ஹிரோஷிமா நாள். பள்ளியில் கொக்கு மடிக்கச் சொல்லிக் கொடுத்து, சடாகோ கதையையும் சொல்லியிருக்கிறார்கள். 1945இல் குண்டு விழுந்தபோது சடாகோவுக்கு இரண்டு வயது. பத்து வருஷம் கழித்து ரத்தப் புற்றுநோய் வந்தது. ஆயிரம் கொக்கு மடித்தால் நினைத்தது நடக்கும் என்பது ஜப்பானிய நம்பிக்கை. ஆஸ்பத்திரியில் கிடைத்த மருந்துச் சுற்றுத் தாளில் எல்லாம் மடித்தாள். 1955 அக்டோபர் 25 அன்று பன்னிரண்டு வயதில் இறந்துபோனாள். அவளோடு படித்த பிள்ளைகள் முன்னின்று நிதி திரட்ட, 1958இல் ஹிரோஷிமாவில் அவளுக்குச் சிலை எழுந்தது, தலைக்கு மேலே கொக்கைத் தூக்கிப் பிடித்தபடி. கதையைச் சொல்லிவிட்டு மகள் முன்வாசலில் உட்கார்ந்தாள். "நானும் ஆயிரம் மடிக்கப் போறேன்."

ஐந்து வயதுக்குக் கொக்கு கஷ்டம். அந்தக் கழுத்தை உள்ளே தள்ளித் திருப்புகிற மடிப்பு பெரியவர்களுக்கே தடுமாறும். அரை மணி நேரம் ஆனது ஒன்றுக்கு. அலகு சப்பையாக இருந்தது. "ஆயிரத்துக்கு இன்னும் எத்தன இருக்கு?" என்று கேட்டாள்.

திண்ணை ஓரத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அம்மா தலையைத் தூக்காமலே சொன்னாள்: "ஆயிரங்கிறது ஏழு குரோசுக்கு எட்டு குறைச்சல்."

நான் திரும்பிப் பார்த்தேன். மனசுக்குள் பெருக்கிப் பார்த்தேன். ஏழு நூற்றி நாற்பத்து நாலு ஆயிரத்து எட்டு. அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவள். பெட்டி ஒட்டுவதை நிறுத்தி இத்தனை வருஷம் ஆகியும் அந்தக் கணக்கு அவள் விரலிலேயே நிற்கிறது.

"குரோஸ்னா என்ன ஆச்சி?"

அம்மா வெற்றிலையை மடியில் வைத்தாள். "அது ஒரு கணக்கு தாயி. நாங்க சின்னப் பிள்ளையா இருக்கையில எண்ணுனது."

"நீங்களும் கொக்கு செஞ்சீங்களா?"

"இல்ல. பெட்டி."

"எத்தன பெட்டி?"

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் எழுந்து வந்து, சப்பை அலகுக் கொக்கை எடுத்துப் பார்த்தாள். வாலை இழுத்தாள், இறக்கை அசைந்தது. "நீ எண்ணாத," என்றாள். "ஒண்ணு செஞ்சா ஒண்ணு. நாளைக்குத் தோணுனா நாளைக்கு. எண்ண ஆரம்பிச்சேன்னா கை கொக்கப் பாக்காது, கணக்கத்தான் பாக்கும்."

நான் எழுத நினைத்தது முழுக்க அதில் இருக்கிறது. மகள் அன்றைக்கு ஒரு கொக்கோடு நிறுத்திக்கொண்டாள். அதற்கு அப்புறம் மூன்று மாசத்தில் ஏழோ எட்டோ செய்திருப்பாள். ஒவ்வொன்றுக்கும் பெயர் இருக்கிறது.

புரட்டாசியில் எங்கள் ஊர் உதயசங்கர் எழுதிய 'ஆதனின் பொம்மை' கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். கீழடியைப் பற்றிய அந்த நாவலுக்குத்தான் 2023இல் பால சாகித்ய புரஸ்கார் கிடைத்தது. சின்னப் பிள்ளைகளுக்கு முழுக்கதை நீளம். ஆனால் மண்ணுக்குள்ளே பழைய பொம்மை கிடக்கும் என்ற ஒரு வரி போதும். செய்தித்தாளைத் தண்ணீரில் ஊறவைத்து, கையால் பிசைந்து, பசை கலந்து கூழாக்கிப் பொம்மை பிடித்தார்கள். அதைக் கொல்லையில் புதைத்துவிட்டு, மறுநாள் தோண்டி எடுத்து ஒரே கொண்டாட்டம். கரிசல் மண் ஒட்டினால் விடாது, பொம்மை கரேலென்று வந்தது. கழுவக் கூடாது என்றுவிட்டார்கள்.

அப்புறம் மஞ்சள் தாள். இதை அவசியம் செய்து பாருங்கள். மஞ்சள் பொடியைத் தண்ணீரில் கரைத்து வெள்ளைத் தாளை முக்கிக் காயவையுங்கள். காய்ந்த தாளில் விரலால் சோப்புத் தண்ணீர் தொட்டு வரைந்தால் சிவப்புக் கோடு விழும். ஆலத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவக்கிறதே, அதே சங்கதிதான். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து, அதனால் பிள்ளைகளுக்குச் சோப்பு. எலுமிச்சம்பழச் சாற்றை அதன்மேல் தொட்டால் சிவப்பு மறைந்து மறுபடி மஞ்சள். வரையலாம், அழிக்கலாம். பிரஷ், பெயிண்ட், பளபளக்கிற தூள் ஒன்றும் வேண்டாம். அந்தத் தூள் பிள்ளையின் கண்ணுக்கும் நல்லதில்லை, மண்ணுக்கும் நல்லதில்லை.

ஐப்பசி இரண்டாம் வாரம் ஒரு சனிக்கிழமை. காலையிலிருந்து புழுக்கம். பிள்ளைகள் முப்பது நாற்பது தாளை மஞ்சளில் முக்கி முற்றத்துக் கயிற்றுக் கட்டிலில் பரப்பியிருந்தார்கள். மூன்று மணிக்குக் கிழக்கே கறுத்தது. முதல் காற்றில் மண்வாசம் வந்தது. நான் அடுப்படியில் இருந்தேன். வெளியே அம்மாவின் குரல்: "ஏ பிள்ள, அள்ளு, அள்ளு!"

ஓடிவந்து பார்த்தேன். அறுபத்தெட்டு வயது அம்மா முந்தானையை விரித்துக்கொண்டு முற்றத்தில் ஓடுகிறாள். கட்டிலில் கிடந்த தாளையெல்லாம் வாரி முந்தானையில் போட்டு, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திண்ணைக்கு ஏறிவிட்டாள். மூச்சு வாங்கியது. மழை சடசடவென்று பிடித்தது. பிள்ளைகள் எல்லாரும் நனைந்தபடி முற்றத்தில் நின்று அவளையே பார்த்தார்கள்.

"ஆச்சி, நனஞ்சா என்ன ஆச்சி?" என்றாள் மகள்.

அம்மா முந்தானையைப் பார்த்தாள். மஞ்சள் இறங்கிச் சீலையெல்லாம் கறை. தாளை ஒவ்வொன்றாகத் திண்ணையில் எடுத்து வைத்தாள். நனைந்தால் என்ன என்று அவளுக்கும் அப்போதுதான் தோன்றியிருக்க வேண்டும்.

"ஒண்ணு குடுங்க, கப்பல் விடணும்." மகள் ஒரு தாளை வாங்கிக்கொண்டாள். தாழ்வாரத்து ஓரமாக அதற்குள் தண்ணீர் ஓட ஆரம்பித்திருந்தது. கரிசல் மண் தண்ணீரை முதலில் வெடிப்புக்குள்ளே குடிக்கும், குடித்து முடித்தால்தான் மேலே விடும். அதற்கு முந்தைய நாட்களில் இரண்டு மழை பெய்திருந்த ஈரம் இருந்தது, அதனால் உடனே ஓடியது. பிள்ளைகள் குந்தி உட்கார்ந்து மடித்தார்கள். கத்திக்கப்பல் ஒருத்தருக்கும் வரவில்லை. நான் சொல்லிக் கொடுத்தேன். நாற்பது வயதில் என் முதல் கப்பலையும் விட்டேன். மூன்றடி போய்க் கவிழ்ந்தது.

அம்மா திண்ணை விளிம்பில் வந்து உட்கார்ந்தாள். ஒரு தாளை எடுத்தாள். மடியில் வைத்து நீளவாக்கில் ஒரு மடிப்பு, குறுக்கே ஒரு மடிப்பு, மூலைகளை உள்ளே மடக்கி, கட்டைவிரல் நகத்தால் ஒரே இழுப்பு. பசை இல்லாமலே நின்றது. அடிப்பெட்டி. நாலு மூலையும் நறுக்கென்று.

"இது கப்பலா ஆச்சி?"

"மெதக்குதான்னு பாரு."

மகள் அதை வாங்கித் தண்ணீரில் வைத்தாள். சட்டென்று நகரவில்லை, ஒரு சுற்றுச் சுற்றியது. அப்புறம் ஓட்டத்தில் சேர்ந்துகொண்டது. தம்பி மகன் ஓடிப்போய் அதற்குள் ஒரு எறும்பை வைத்துவிட்டு வந்தான். பெட்டி படியைக் கடந்து தெருவுக்குப் போனது. பிள்ளைகள் கூடவே ஓடினார்கள். அம்மா அடுத்த தாளை எடுத்தாள். இந்தத் தடவை அவள் மெதுவாக மடித்தாள். மகள் திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு மடிப்பையும் பார்த்துப் பார்த்துத் தன் தாளில் மடிக்க, அவள் முடிக்கிற வரைக்கும் அம்மா அடுத்த மடிப்புக்குப் போகாமல் காத்திருந்தாள்.